தானாகச் சுடும் ட்ரோன் ஆளை மாற்றிக் கொன்றால்... கேஸ் யார் மேல?

சென்னை அடையாறில் 2023 ஜூனில் போலீஸ் ட்ரோன் பிரிவு தொடங்கப்பட்டது. கூட்டத்தைக் கண்காணிப்பதுதான் அதன் முக்கிய வேலை. ஆயுதம் கிடையாது; கன்ட்ரோல் மனிதர் கையில்.

போர்க்களத்தில் கதை வேற. இலக்கைத் தானே தேடித் தாக்கக்கூடிய, துருக்கி தயாரிப்பான கார்கு-2 ட்ரோன் லிபியா சண்டையில் பயன்படுத்தப்பட்டதாக 2021-ல் ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை சொன்னது. இப்படியொரு இயந்திரம் அப்பாவியைக் கொன்றால் கூண்டில் ஏறுவது யார்?

சிக்கல் எங்கே?

கொலை வழக்கில் செயலோடு சேர்த்து, கொல்லும் நோக்கத்தையோ, உயிர் போகும் என்று தெரிந்தே செய்ததையோ நிரூபிக்க வேண்டும். இயந்திரத்துக்கு நோக்கம் ஏது? 'இலக்கை நான் தேர்வு செய்யல' என்பார் ஏவிய வீரர். 'இப்படிப் பண்ணும்னு தெரியாது' என்பார் தளபதி. 'களத்துலயே நான் இல்ல' என்பார் புரோகிராம் எழுதியவர். பாரதிய நியாய சன்ஹிதாவில் மிஞ்சுவது 106-வது பிரிவு, அதாவது அலட்சியத்தால் மரணம். பொதுவாக அதிகபட்சம் 5 ஆண்டு சிறைதான்.

சர்வதேச சட்டம்?

கீழே இருப்பவர்கள் செய்யும் போர்க்குற்றத்தைத் தடுக்காத தளபதியும் குற்றவாளி என்கிறது ரோம் சாசனத்தின் 28-வது பிரிவு. ஆனால் அது பேசுவது மனிதப் படையைப் பற்றி. இந்தியா அந்தச் சாசனத்தில் சேரவும் இல்லை. நம்மிடம் உள்ள 1960 ஜெனீவா ஒப்பந்தச் சட்டமும் வேண்டுமென்றே கொல்வதைத்தான் கொடுங்குற்றமாகப் பார்க்கிறது.

மனிதர் சுட்டாலே இப்படி...

2021 டிசம்பர் 4, நாகாலாந்தின் ஓட்டிங். வேலை முடிந்து வேனில் திரும்பிய சுரங்கத் தொழிலாளர்களைத் தீவிரவாதிகள் என நினைத்து ராணுவம் சுட்டதில் 6 பேர் பலி. 30 ராணுவத்தினர் மீது போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டது. ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி தேவை, அது மறுக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கு நடவடிக்கைகளை முடித்துவைத்தது. அனுமதி கிடைத்தால் தொடரலாம் என்றது. சுட்டது மனிதர் என்று தெரிந்த வழக்கிலேயே விசாரணை நடக்கவில்லை.

இந்தியா என்ன சொல்கிறது?

2023 டிசம்பரில் தானியங்கி ஆயுதங்கள் குறித்த ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த 4 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஜெனீவாவில் ஏற்கெனவே நடக்கும் பேச்சுவார்த்தைதான் சரியான இடம் என்பது இந்தியாவின் வாதம். அங்கே 2019-ல் இந்தியா உட்பட உறுப்பு நாடுகள் ஏற்ற கொள்கை: பொறுப்பை இயந்திரத்தின் தலையில் கட்ட முடியாது.

ஆனால் அது கொள்கைதான், தண்டனைச் சட்டம் அல்ல. ஆயுதத்தைச் சோதித்தது யார், களத்துக்கு அனுப்பியது யார், ஏவ உத்தரவிட்டது யார் என ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மனிதரின் பெயர் பதிவாக வேண்டும் என்று சட்டம் வந்தால்தான், இறந்தவரின் குடும்பம் எஃப்.ஐ.ஆரில் யார் பெயரைச் சொல்வது என்பதற்குப் பதில் கிடைக்கும்.