பழுதுக்கும் ஒரு மொழி வேண்டும்

(சற்றே நீண்ட பதிவு. ஆய்வு மாணவர்களும் பேராசிரியர்களும் பொறுமையுடன் வாசித்து மறுமொழி தர வேண்டுகிறேன்.)

ஒரு மென்பொருள் ஒரு மொழியில் இருக்கிறது என்று எப்போது சொல்லலாம்? அதன் பட்டிகளும் பொத்தான்களும் அம்மொழியில் தென்பட்டால் போதும் என்பது பொதுவான விடை. அது போதாது என்பது என் துணிபு. கருவி பழுதுபடும்போது பழுது இன்னதென்று அறியவும், அதைப் பிறரிடம் எடுத்துரைக்கவும், கிடைத்த விடையைக் கொண்டு சரிசெய்யவும் ஒரு மொழி இடங்கொடுக்க வேண்டும். அப்போதுதான் அக்கருவி அம்மொழிக்கு வந்து சேர்ந்ததாகும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தன்னார்வலர்கள் உழைத்துத் தமிழாக்கிய லினக்ஸ் மேசைக்கணினி இன்னும் தமிழுக்கு முழுமையாக வந்து சேரவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் செயலிகளில் 8ஆம் தலைமுறைக்கு முந்தியவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்பதில்லை. மாஹிம் நிலையத்தின் கிழக்கு வாயிலில் இறங்கினால் தாராவி. அதற்கப்பால் மாட்டுங்கா, செம்பூர். இப்பகுதிகளின் தமிழ்க் குடும்பங்களில் படிக்கும் பிள்ளைகள் பலரிடம் இருப்பது லேமிங்டன் சாலையிலோ தெரிந்தவர் வழியாகவோ வாங்கிய பழைய மடிக்கணினி. அதன் திரையும் விசைப்பலகையும் நன்றாகவே இருக்கும். கட்டுரை எழுதவும் தரவு தொகுக்கவும் அதுவே தாராளம். காலாவதியானது அதன் மீதிருந்த மென்பொருள் மட்டுமே. அந்தக் கணினிக்கு உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ மறுவாழ்வு தரும், அதுவும் இலவசமாக. எனக்குத் தெரிந்த மாணவர் சிலர் அப்படி மாறியும் விட்டனர்.

நிறுவுவது எளிது, அரை மணி நேர வேலை. சிக்கல் இரண்டாம் வாரத்தில் தொடங்குகிறது. வைஃபை வராது, அச்சுப்பொறி அடம்பிடிக்கும், தமிழ்99 விசைப்பலகை ஒரு செயலியில் வேலை செய்யும், மற்றொன்றில் செய்யாது. இவற்றுள் பல ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. வைஃபை சில்லுகளுக்கான உரிமையுடைமை நிலைபொருளை 2023இல் வெளிவந்த டெபியன் 12 தன் அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்த்துவிட்டது. ஆனால் ஒன்று குறையவே இல்லை. கணினி ஏதோ சொல்கிறது. பயனருக்கு அது புரிவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. உபுண்டுவில் புதிய மென்பொருள் ஒன்றை நிறுவ முயல்கிறீர்கள். பூட்டைப் பெற இயலவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வருகிறது. தேடினால் முதலில் கண்ணில் படும் அறிவுரைகளில் ஒன்று, அந்தப் பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்பது. மாணவர் அந்தக் கட்டளையை அப்படியே நகலெடுத்து ஒட்டுகிறார். செய்தியின் பின்பாதியை வாசித்திருந்தால் நிலைமை வேறு. பூட்டை வைத்திருக்கும் செயல் எது, அதன் எண் என்ன என்று அங்கே எழுதியிருக்கும். பெரும்பாலும் அது பின்னணியில் தானாக ஓடும் பாதுகாப்புப் புதுப்பித்தலாக இருக்கும். சில நிமிடங்கள் காத்திருப்பதே தீர்வு. ஓடிக்கொண்டிருக்கும் செயலின் பூட்டை அழித்தால் மென்பொருள் தொகுப்புகளின் தரவுத்தளமே சிதையக்கூடும். இங்கே மாணவருக்குக் குறைவது தொழில்நுட்ப அறிவன்று. ஒரு வாக்கியத்தை இறுதிவரை வாசித்துப் பொருள் கொள்ளும் வாய்ப்பு, அதுவும் தனக்குப் பழகிய மொழியில்.

இன்னோர் எடுத்துக்காட்டு மொழியியலாளருக்குச் சுவையானது. 32 பிட் கணினிக்காக உருவாக்கிய பழைய நிரல் ஒன்றை 64 பிட் லினக்ஸில் இயக்கினால், பாஷ் நெடுங்காலமாகச் சொல்லிவந்த விடை, அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை என்பது. கோப்பு கண்முன்னே இருக்கிறது! உண்மையில் இல்லாதது அந்த நிரலை நினைவகத்தில் ஏற்றித் தரவேண்டிய வேறொரு கோப்பு. செய்தி பொய்யன்று, அது எதைச் சுட்டுகிறது என்பது மறைந்திருக்கிறது. பாஷின் அண்மைப் பதிப்புகளில் இச்செய்தி மாறியிருக்கிறது: இயக்க இயலவில்லை, தேவைப்படும் கோப்பு கிடைக்கவில்லை என்ற பொருளில் வருகிறது. ஒரு தொடரைத் திருத்தி எழுதியதால், எண்ணற்றவர் இல்லாத பழுதைத் தேடி அலைவது நின்றது. சுட்டுப்பொருளைத் தெளிவாக்குவது எங்கள் துறை வகுப்பில் கற்பிக்கும் பாடம்.

இனித் தமிழாக்கத்துக்கு வருகிறேன். கட்டற்ற மென்பொருள்களில் பெரும்பாலானவை கெட்டெக்ஸ்ட் என்ற முறையைக் கையாள்கின்றன. ஒரு கோப்பில் ஆங்கிலத் தொடர் ஒரு வரியிலும் அதற்கு இணையான தமிழ்த் தொடர் அடுத்த வரியிலும் இருக்கும். கோப்பின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு குறியை இட்டுவைப்பார்கள். இயங்கும்போது பெயர் அங்கே வந்து அமரும். ஆங்கிலத்துக்கு இது எளிது. தமிழில் வேற்றுமை உருபு பெயரின் உருவத்தையே மாற்றும். 'ஆய்வேடு' என்ற கோப்பைத் திறக்க முடியாதபோது தமிழர் சொல்வது 'ஆய்வேட்டைத் திறக்க முடியவில்லை' என்றுதான். 'மரம்' என்ற கோப்பு 'மரத்தை' ஆகும். குறியின் பின்னால் ஓர் ஐகாரத்தை ஒட்டிவைக்கும் இயந்திரம் இதை அறியாது. அனுபவமுள்ள தமிழாக்குநர்கள் 'ஆய்வேடு என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை' என்று 'என்ற' சேர்த்து உருபை வேறு சொல்லுக்கு மாற்றிவிடுகிறார்கள். இந்த நுட்பத்தை எந்த இலக்கண நூலும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. தாமே கண்டுபிடித்தார்கள்.

செயப்பாட்டு வினையையும் பாருங்கள். 'பர்மிஷன் டினைடு' என்பதற்கு 'அனுமதி மறுக்கப்பட்டது' என்பது நேர் மொழிபெயர்ப்பு. மறுத்தவர் யார், எதற்கு அனுமதி, இனி என்ன செய்வது என்பவற்றுள் எதுவும் அதில் இல்லை. 'இக்கோப்பைத் திருத்த உங்கள் கணக்குக்கு உரிமை இல்லை' என்றால் பயனர் அடுத்த அடியை எடுத்து வைப்பார். முதலாவது ஓர் அலுவலக முத்திரை. இரண்டாவது தகவல்.

கலைச்சொல் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு செயலியில் 'அடைவு', அடுத்ததில் 'கோப்புறை', மற்றொன்றில் 'உறை'. ஒருவர் 'பொதி' என்பதை மற்றவர் 'தொகுப்பு' என்கிறார். பன்மை வளத்தின் அடையாளம் என்று இலக்கியத்தில் மகிழலாம். பழுது நீக்கும் இடத்தில் ஒரே பொருளுக்கு ஒரே பெயர் இல்லையென்றால் தேடல் தோற்றுப்போகும். இதன் விளைவு ஒரு முரண். கணினியைத் தமிழுக்கு மாற்றிய மாணவர் தமிழில் பிழைச்செய்தியைப் பெறுகிறார். அதை இணையத்தில் தேடுகிறார். பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. ஆங்கிலத்தில் வைத்திருந்த மாணவருக்கு நூறு விடைகள். தமிழைத் தேர்ந்தவரே தண்டிக்கப்படுகிறார்! அனுபவசாலிகள் கட்டளையை இயக்கும்போது மட்டும் மொழியமைப்பை மாற்றி ஆங்கில மூலச் செய்தியை வரவழைத்துக் கொள்கிறார்கள். புதியவருக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

வரலாறும் இதையே சொல்கிறது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. பாஸ், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. தமிழ் இடைமுகமும் உண்டு. பல இலட்சம் மாணவர் கைகளுக்கு ஒரே வீச்சில் லினக்ஸ் போய்ச் சேர்ந்தது. உலகில் வேறெந்த மொழிக்கும் எளிதில் வாய்க்காத நிகழ்வு அது. ஆனால் அந்தக் கணினிகளைப் பெற்றவர்களிடம் நான் கேட்டவரையில், பாஸைத் திறந்து பார்த்தவரே குறைவு. திறந்தவரும் முதல் இடர்ப்பாட்டில் விண்டோஸுக்குத் திரும்பிவிட்டனர். அருகில் கேட்க ஆளில்லை. வாசிக்கத் தமிழில் நூலில்லை.

பக்கத்துக் கேரளம் வேறு வழியில் சென்றது. ஐடி@ஸ்கூல் திட்டமும் பின்னர் அதிலிருந்து எழுந்த கைட் நிறுவனமும் பள்ளிகளை லினக்ஸுக்கு மாற்றியதோடு நிற்கவில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தன. மலையாளத்தில் பாடநூல் தந்தன. 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்களையும் அமைத்தன. பழுது வந்தால் பிள்ளைகள் மலையாளத்தில் பேசிக்கொள்ள ஆளும் சொல்லும் இருந்தன. இரு மாநிலங்களுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு நிர்வாகக் காரணங்கள் பல இருக்கலாம். மொழிசார்ந்த இந்தக் காரணத்தை யாரும் பேசாததால் நான் பேசுகிறேன்.

தமிழில் ஒன்றுமே இல்லை என்பது என் வாதமன்று. 2012 முதல் வெளிவரும் 'கணியம்' இதழ், கட்டற்ற மென்பொருள் பற்றி எளிய தமிழில் எழுதியவை ஒரு தனி நூலகம். இங்கே மும்பையிலேயே, பவாயிலுள்ள ஐஐடி, 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தின் கீழ் லினக்ஸ், லிப்ரே ஆபிஸ் முதலியவற்றுக்கான குறும்பாடங்களைத் தமிழ்க் குரலிலும் தருகிறது. மாஹிமிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உருவான அந்தப் பாடங்களை இப்பகுதித் தமிழ் மாணவர் பலர் கேள்விப்பட்டதில்லை. பல்கலைக்கழகம் இவ்வுழைப்பை உழைப்பாக எண்ணாதது இதற்கு ஒரு காரணம். நாம் மேற்கோள் காட்டுவதில்லை, பாடத்திட்டத்தில் சேர்ப்பதில்லை, மதிப்பெண் தருவதில்லை.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

முதலாவது: ஆங்கிலம் தெரிந்தால் போதாதா? தொழில்நுட்பத்தை அம்மொழியில் கற்பதே மாணவருக்கு நல்லதல்லவா? தாராவியின் தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பிள்ளை வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் அலுவலகத்தில் மராத்தியும் கையாள்கிறது. ஆங்கிலம் நான்காவதாக வருகிறது, வரட்டும். ஆனால் கணினி பழுதாகும் அந்தப் பதற்றமான வேளையை ஆங்கிலத் தேர்வாக மாற்ற வேண்டுமா? பழுதைத் தாய்மொழியில் விளங்கிக்கொண்டவர் அடுத்த முறை ஆங்கிலச் செய்தியையும் அச்சமின்றி வாசிப்பார்.

இரண்டாவது: செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் கேட்டால் தமிழிலேயே சொல்லிவிடுமே? சொல்லும். ஆனால் அவை கற்பது மனிதர் எழுதிவைத்தவற்றிலிருந்து. தமிழில் பழுது நீக்கக் குறிப்புகளை நாம் எழுதாதபோது அவை தரும் விடை ஆங்கிலத்தின் நிழலாகவே இருக்கும். கட்டளை ஒன்று தவறினால் இழப்பது ஆய்வேட்டின் ஓர் இயலாகவும் இருக்கலாம்.

இறுதியாக, சக ஆய்வாளருக்கு இதில் நேரடித் தன்னலமும் உண்டு. தமிழ்த் தரவகத்தில் 'கொடு' என்று தேடுகிறீர்கள். 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடில்லை. ஒருங்குறித் தரமும் இரண்டையும் இணையென்றே கொள்கிறது. கிரெப் போன்ற தேடற்கருவிகள் அவற்றை வேறுவேறாகவே பார்க்கும். தரவை முதலில் இயல்பாக்கம் செய்யாவிட்டால் எண்ணிக்கை தவறும். 'கௌரவம்' என்பதை ளகரமிட்டு 'கெளரவம்' என்று தட்டச்சிட்டிருந்தால் இயல்பாக்கமும் உதவாது. இந்த இரண்டையும் விளக்கும் தெளிவான ஒருபக்கத் தமிழ்க் குறிப்பு ஒவ்வொரு தமிழ்த் துறையின் சுவரிலும் ஒட்டப்பட வேண்டியது.

என் வேண்டுகோள் நான்கு. தமிழாக்கம் செய்வோர் பிழைச்செய்தியில் மூல ஆங்கிலத் தொடரையும் அடியில் காட்ட வழி தேடுங்கள், தேடல் தொலையாது. பழுதொன்றைச் சரிசெய்தவர் ஆங்கிலச் செய்தியை எழுத்துப் பிசகாமல் மேலே தந்து, விளக்கத்தைத் தமிழில் எழுதிப் பொதுவெளியில் வையுங்கள். மொழியியல், மொழிபெயர்ப்பியல் துறைகள் ஒரு மென்பொருளின் செய்திகளைத் தமிழாக்கி ஆய்ந்துரைப்பதை முதுகலைத் திட்டப்பணியாக ஏற்க வேண்டும். பேராசிரியர்கள் தம் மாணவர் எழுதும் இத்தகைய குறிப்புகளைக் கட்டுரைக்கு நிகராக மதிக்க வேண்டும்.

சமையல் முதல் சட்டம் வரை தமிழில் எழுதிவிட்டோம். 'இது ஏன் ஓடவில்லை?' என்ற கேள்விக்கு விடை எழுதுவது மட்டும் ஏன் நம் வேலையல்ல? உங்கள் கணினியில் அண்மையில் தீர்த்த ஒரு சிக்கலைக் கீழே தமிழில் எழுதுங்கள். ஐந்து வரி போதும்.