காலுக்கு என்ன கிரேடு?

"ஃபுட்பால்ல என்னங்க ஸ்கில்லு இருக்குது? இருபத்திரண்டு பேரு ஒரு பந்த வெச்சுக்கிட்டு ஓடறானுக. ஒன்றரை மணி நேரம் ஓடி ஒரே ஒரு கோல் போடறதுக்குப் பேரு திறமையா?"

திருப்பூரில் ஃபுட்பால் பார்க்கிற யாரும் இந்தக் கேள்விக்குத் தப்பியிருக்க முடியாது. டீக்கடையில், கம்பெனி வாசலில், சொந்தக்கார வீட்டு விசேஷத்தில் என்று எங்கும் வரும். கேட்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்களிடம் ஒரு வாதம் இருக்கிறது. அதை முதலில் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன்.

டெஸ்ட் மேட்ச்சில் பேட்ஸ்மேன் ஒரு தப்பு செய்தால் பெவிலியனுக்குப் போக வேண்டியதுதான். டென்னிஸ்காரர் கோட்டுக்குச் சில அங்குலம் உள்ளே பந்தை இறக்குகிறார், அதுவும் திரும்பத் திரும்ப. நல்ல கூடைப்பந்துக்காரர் நான்கு ஃப்ரீ த்ரோவில் மூன்றையாவது உள்ளே போடுகிறார். ஃபுட்பால்காரருக்கோ 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரத்தில் ஒரு வாசலே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பத்து மீட்டரில் நின்று அதற்கு மேலே அடித்துவிட்டு, தலையில் கை வைத்து நிற்கிறார். அடுத்த வாரமும் ஆடுகிறார். தப்புக்கு இவ்வளவு இடம் கொடுக்கிற ஆட்டத்தில் திறமை கம்மியாகத்தானே இருக்கும்?

கம்மி இல்லை. இந்த வாதம் எங்கே தடுக்கி விழுகிறது என்பது மற்ற ஊர்க்காரர்களைவிடத் திருப்பூர்க்காரர்களுக்கு எளிதாகப் புரிய வேண்டும்.

முதலில் கருவியைப் பார்ப்போம். கிரிக்கெட், டென்னிஸ், கூடைப்பந்து எல்லாவற்றிலும் கால் ஆளைத் தாங்குகிறது, கை வேலை செய்கிறது. மனிதக் கை லட்சக்கணக்கான வருஷமாக நுணுக்கமான வேலைக்குப் பழகிய உறுப்பு. ஃபுட்பாலில் தாங்குகிற உறுப்பே வேலையும் செய்ய வேண்டும். முழு வேகத்தில் ஓடி, ஒரு காலில் நின்று, இன்னொரு காலால் பந்தைத் தொட்டு, அதே நொடியில் பக்கத்தில் இடித்துக்கொண்டு வருகிறவனிடமிருந்து உடம்பைக் காப்பாற்ற வேண்டும். ஃப்ரீ த்ரோ போடுகிறவரை யாரும் தோளால் இடிப்பதில்லை. ஸ்னூக்கர் மேஜையில் எதிராளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் தடுக்காத இடத்துத் துல்லியத்தை எடுத்துவந்து, தடுப்பதற்கென்றே பதினொரு பேர் நிற்கிற இடத்தை அளப்பது என்ன நியாயம்?

அடுத்தது, பந்து காலில் இல்லாத நேரம். ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். 90 நிமிட ஆட்டத்தில் பந்து உருளுகிற நேரம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அதை 22 பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு மூன்று நிமிடம்கூட வராது. மீதி நேரம் முழுக்க அவர் என்ன செய்கிறார்? நம்ம ஆள் "சும்மா ஓடறாரு" என்பார். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இதைத்தான் கேமரா வைத்துப் பார்த்தார். பந்து தன்னிடம் வருவதற்கு முந்தைய நொடிகளில் ஓர் ஆட்டக்காரர் எத்தனை முறை தலையைத் திருப்பிச் சுற்றிப் பார்க்கிறார் என்று எண்ணினார். அடிக்கடி பார்த்தவர்களே பந்தை முன்னால் சரியாகக் கொண்டுசெலுத்தினார்கள். டிவி பந்தின் பின்னாலேயே போவதால் இந்த வேலை நம் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாத வேலையை நாம் வேலை என்றே சொல்வதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

இங்கேதான் பனியன் கம்பெனி வருகிறது. நான் செக்கிங் மேஜையில் சம்பளம் வாங்குகிறவன். டி-ஷர்ட்டின் கழுத்தில் ரிப் ஏற்றுகிற ஓவர்லாக் டெய்லரைப் பார்த்திருக்கிறீர்களா? ரிப்பின் சுற்றளவு கழுத்தைவிடக் குறைவாக இருக்கும். நிமிடத்துக்கு ஐந்தாயிரம் தையலுக்கு மேல் போகிற மெஷினில், காலால் பெடலின் வேகத்தைப் பிடித்துக்கொண்டு, விரலால் ரிப்பை ஒரே அளவாக இழுத்துக் கொடுக்க வேண்டும். இழுவை கூடினால் கழுத்து சுருங்கும், குறைந்தால் வாய் பிளக்கும். எவ்வளவு இழுப்பது என்று எந்த ஸ்கேலும் சொல்லாது, விரலுக்குத்தான் தெரியும். கைமடியாக வந்து சேர்ந்து, பார்த்துப் பார்த்துப் பழகி, வருஷக்கணக்கில் வந்த விரல் அது. ஆனால் வெளியிலிருந்து வருகிறவர் கண்ணுக்கு "மெஷின்தானே தைக்குது" என்றுதான் படும். "இருபத்திரண்டு பேர் ஓடறானுக" என்பதும் அதே கண்ணின் பேச்சு.

கிரிக்கெட்டுக்கு ஒரு வசதி உண்டு. அது முழுக்க முழுக்க பீஸ் ரேட் ஆட்டம். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு வரவு, ஒரு செலவு, யார் பேரில் என்று எழுதிவிடலாம். கணக்குப் புத்தகம் அழகாக இருக்கும். ஃபுட்பாலில் ஒரு தடுப்பாட்டக்காரர் சரியான இடத்தில் நின்றதால் எதிரணி போடாமல் விட்ட பாஸை எந்தப் பேரில் எழுதுவீர்கள்? கிரிக்கெட்டில் திறமை அதிகம் என்று நமக்குத் தோன்றுவதில் பாதி, அங்கே திறமைக்கு ரசீது கிடைக்கிறது என்பதுதான்.

நம்ம பக்கத்து உதாரணமே இருக்கிறது. கோவை நேரு ஸ்டேடியம் திருப்பூரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரம். அங்கே 2019 மார்ச் 9 அன்று சென்னை சிட்டி எஃப்சி மினெர்வா பஞ்சாபிடம் ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கிவிட்டு, 3-1 என்று திருப்பி ஜெயித்து ஐ-லீக் பட்டம் எடுத்தது. அவர்களுக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. அந்த சீசனில் பெத்ரோ மான்சி போட்ட 21 கோலை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கடைசி நாளில் இரண்டு கோல் போட்டவர் கௌரவ் போரா என்ற தடுப்பாட்டக்காரர். அவர் அன்றைக்கு மட்டும் திறமைசாலி ஆனாரா? சீசன் முழுக்க அவர் தடுத்த கோல்களுக்கு ஸ்கோர் போர்டில் இடமில்லை, அந்த இரண்டுக்கு இருந்தது. தமிழ்நாட்டுக்கு ஐ-லீக் கொண்டுவந்த அந்த அணி சில வருஷங்களில் தேசிய லீக்கிலிருந்தே காணாமல் போனது. இந்தப் பக்கத்தில் அதற்காக வருத்தப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

"சரிங்க, மெஸ்ஸி திறமைசாலி, ஒத்துக்கறேன். நம்ம ஆளுக? உலகத் தரவரிசையில நூத்துக்குக் கீழ கெடக்கறாங்களே?" அடுத்த கேள்வி இதுவாகத்தான் இருக்கும். பதில்: 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்திய ஃபுட்பால் அணி நான்காவது இடம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம். அந்தத் தலைமுறையின் கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜ். அன்றைக்கு இருந்த கால்கள் வேறு இனத்துக் கால்கள் இல்லை. மற்ற நாடுகள் ஆறேழு வயதில் பிள்ளைகளை மைதானத்தில் இறக்கி, வருஷம் முழுக்க மேட்ச் ஆட வைத்தன. நாம் மைதானத்தை பிளாட் போட்டு விற்றோம். குமரிக் கடற்கரை ஊர்களிலிருந்து மைக்கேல் சூசைராஜ் போன்றவர்கள் கிளம்பி வருவதற்குக் காரணம் அங்கே மணல் இருக்கிறது, பந்து இருக்கிறது, மாலையில் கூட ஆட ஆள் இருக்கிறது. ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி வீட்டுக்கு வருகிற ஊரில் எந்த மாலை இருக்கிறது?

கடைசியாக, காசு. "திறமை இருந்தா ஏங்க ஐபிஎல் மாதிரி காசு வரல?" 2024 ஐபிஎல் ஏலத்தில் ரிஷப் பந்த் 27 கோடிக்குப் போனார். அவர் அபாரமான ஆட்டக்காரர், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 27 கோடி டிவி விளம்பரச் சந்தையின் விலை. 2025 ஆகஸ்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்எல் சீசன் ஒப்பந்தச் சிக்கலில் நிறுத்திவைக்கப்பட்டு, பெங்களூரு எஃப்சி தன் முதல் அணிக்குச் சம்பளத்தையே நிறுத்தியது. அதே மாதம் அமெரிக்கா 50 சதவீத வரி போட, திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன, மெஷின்கள் நின்றன. அந்த ஆகஸ்டில் நம் டெய்லர்களின் விரல் மழுங்கிவிட்டதா? இல்லையே. அப்புறம் எப்படிச் சம்பளம் நின்ற ஃபுட்பால்காரரின் காலை மட்டும் மட்டமான கால் என்கிறோம்?

இது வெறும் டீக்கடைச் சண்டையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஸ்கில்டு, செமி-ஸ்கில்டு, அன்ஸ்கில்டு என்று ஆளைப் பிரித்து, அதன்படி கூலி போடுகிற ஊர் இது. "அது வெறும் ஓட்டம்" என்று நாம் சொல்வதைக் கேட்டுத்தான் ஒரு அப்பா பத்தாவது படிக்கிற மகனின் ஷூவைப் பரண் மேல் தூக்கிப் போடுகிறார். மகள் ஃபுட்பால் ஆட ஆசைப்பட்டால் அந்தப் பேச்சு இன்னும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. எதற்கு எந்த கிரேடு என்று முடிவு செய்கிறவர்கள், குறைந்தபட்சம் வேலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த முறை மேட்ச் பார்க்கும்போது பத்து நிமிடம் பந்தை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு ஆளை, அதுவும் நடுவில் நிற்கிற ஆளை மட்டும் பாருங்கள். எப்போது திரும்புகிறார், எங்கே நகர்கிறார், பந்து வருவதற்கு முன்னால் எத்தனை முறை பார்க்கிறார் என்று எண்ணுங்கள். அதற்குப் பிறகும் "சும்மா ஓடறாரு" என்று தோன்றினால் வாங்க, பேசலாம்.