கண் முன்னே இருந்த கடற்குதிரை

"இனிப் புதிதாகக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் வெளிநாட்டார் கண்டுபிடித்துவிட்டார்களே!" என்று சலித்துக்கொள்ளும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. புதியன காணப் பெருங்கருவிகளும் பெருஞ்செல்வமும் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதற்கு ஒரு சின்னஞ்சிறு மீனே சான்று.

மனிதன் நிலவில் கால் பதித்த ஆண்டு 1969. அதே ஆண்டில், பசிபிக் பெருங்கடலிலுள்ள நியூ கலிடோனியாவில், நூமியா நகர மீன் காட்சியகத்திற்காகக் கடல்விசிறிகளைச் சேகரித்தார் ஜார்ஜ் பார்ஜிபான் என்பவர். கடல்விசிறி என்பது விசிறிபோல் கிளைத்துப் படரும் ஒருவகைப் பவள உயிர். அதை மேசைமேல் வைத்து ஆராய்ந்தபோதுதான், கிளையோடு கிளையாக ஒட்டியிருந்த கடற்குதிரையைக் கண்டார். மறு ஆண்டு ஆஸ்திரேலிய மீனியல் அறிஞர் கில்பர்ட் விட்லி, அதற்கு 'ஹிப்போகாம்பஸ் பார்ஜிபான்டி' எனப் பெயர் சூட்டினார்.

அதன் உருவந்தான் எத்துணை விந்தை! நீளம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். குட்டையான மூக்கு, உடலெங்கும் உருண்டை முண்டுகள். மியூரிசெல்லா என்னும் கடல்விசிறியே அதன் வீடு. விசிறியின் கிளை சாம்பல் நிறமாகவும் மொட்டுப் போன்ற பாலிப்புகள் சிவப்பாகவும் இருந்தால், மீனின் உடல் சாம்பல், முண்டுகள் சிவப்பு. விசிறி மஞ்சளானால் மீனும் மஞ்சள், முண்டுகள் ஆரஞ்சு! அந்த விசிறி அழிந்தால் மீனுக்குப் போக்கிடம் இல்லை.

இம்மீன் எட்டாத ஆழத்தில் ஒளிந்திருக்கவில்லை. மனிதர் மூழ்கிச் செல்லும் ஆழத்திலேயே வாழ்கிறது. விசிறியைக் கண்ட கண்கள் மீனைக் காணவில்லை, அவ்வளவே.

பின்னர் நடந்தது இன்னும் சுவையானது. இத்தகைய குறுங்கடற்குதிரை இனங்கள் மேலும் பல வெளிப்பட்டன. 2003இல் 'டெனிஸ்', 2008இல் 'பொந்தோகி', 'சதோமியே', 2020இல் தென்னாப்பிரிக்கக் கடலில் 'நலு' எனப் பெயர் பெற்றவற்றை எண்ணிப் பாருங்கள். இவை பேராசிரியர் பெயர்கள் அல்ல. முதலாவது, நீருக்கடியில் படமெடுக்கும் ஒருவர் பெயர். ஏனையவை, முக்குளிப்போருக்கு வழிகாட்டியும் பயிற்சியளித்தும் பிழைப்பவர்களின் பெயர்கள். ஆராய்ந்து பெயரிட்டவர்கள் அறிஞர்களே. ஆனால் அவர்கள் கவனத்திற்கு உயிரைக் கொண்டு சேர்த்தவை, நாள்தோறும் பாறையையே பார்த்துப் பழகிய கண்கள்.

இனி நம் ஆய்வுக்கூடத்திற்கு வருவோம். மேசைமேல் மாதிரி உயிர் இருக்கிறது. மாணவர் பலர் வரைவதோ, முந்தைய ஆண்டு மாணவரின் பதிவேட்டைப் பார்த்து! படம் அழகாக இருந்தால் மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. பாடத்திட்டம் முடிய வேண்டும், நேரமோ குறைவு என்பது உண்மையே. ஆயினும், புத்தகத்தில் இல்லாத ஒன்றைத் தன் மாதிரியில் கண்டு எழுதும் மாணவனுக்கு ஐந்து மதிப்பெண்ணாவது தனியே தரலாகாதா? ஆசிரியப் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

"இத்தனை சிறிய மீனால் யாருக்கு என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம். இருப்பது தெரியாத உயிரை எவராலும் காக்க இயலாது. பெயரிடுவதே காப்பதன் முதற்படி.

நண்பர்களே! கருவிகள் வரும்போது வரட்டும். கண்கள் இன்றே நம்மிடம் இருக்கின்றன. பதிவேட்டை மூடிவைத்து, மேசைமேல் இருப்பதை ஒருமுறை உற்றுப் பார்ப்போம்.