தகுதி யாருக்கு, சம்மதம் யாருடையது?

மதுவால் கல்லீரல் பழுதுற்ற ஒருவருக்கு அவருடைய மனைவி தம் கல்லீரலின் ஒரு பகுதியை அளிக்க முன்வரும்போது, நம் விவாதம் பெரும்பாலும் ஒரே வினாவில் வந்து நிற்கிறது: குடித்தே கெடுத்துக்கொண்டவருக்கு இது தகுமா? இவ்வினாவைவிட முதன்மையான ஒன்று உண்டு என்பது என் கருத்து. அந்த மனைவியால் மறுக்க முடிந்திருக்குமா?

முதலில் தகுதியைப் பார்ப்போம். ஆறு மாதம் மதுவை முற்றிலும் விட்டவருக்கே மாற்று அறுவை என்ற விதியை உலகெங்கும் பல மருத்துவமனைகள் நெடுங்காலம் கடைப்பிடித்தன. அதற்கு நியாயமான காரணமும் உண்டு. குடியை நிறுத்தினால் சிலருக்குக் கல்லீரல் தானே தேறும். தேறக்கூடியவருக்காக நலமான இன்னொருவரின் உடலை அறுத்தல் கூடாது. ஆனால் கடுமையான மதுசார் கல்லீரல் அழற்சியில், மருந்துக்கு இணங்காதோர் பலருக்கு அந்த ஆறு மாதமே கிடைப்பதில்லை. 2011இல் பிரான்சு, பெல்ஜியம் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கவனமாகத் தெரிவுசெய்யப்பட்ட 26 பேருக்கு இவ்விதியைத் தளர்த்தி மாற்று அறுவை செய்யப்பட்டது. ஆறு மாத முடிவில் 77 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். அறுவை பெறாத ஒப்பீட்டுக் குழுவில் 23 விழுக்காட்டினரே எஞ்சினர். பின்னாளில் மீண்டும் குடித்தவர் மூவர்.

இருந்தும் தகுதி பற்றிய ஐயம் நம்மை விடுவதில்லை. அதில் மொழிக்கும் பங்குண்டு. ‘குடிகாரன்’ என்னும் சொல்லில் உள்ள ‘காரன்’ விகுதி, ஒரு செயலை ஆளின் முழு அடையாளமாக்கிவிடுகிறது. நீரிழிவால் சிறுநீரகம் பழுதானவரிடம் அவர் உண்ட இனிப்புக்கு நாம் கணக்குக் கேட்பதில்லை. ‘குடிநோயாளி’ என்று சொல்லத் தொடங்கினால், தண்டனையைப் பற்றிய பேச்சு சிகிச்சையைப் பற்றியதாக மாறும்.

இனிக் கொடுப்பவர். இந்தியாவில் கல்லீரல் மாற்று அறுவைகளில் பெரும்பான்மை உயிருள்ளோர் கொடையாலேயே நடக்கின்றன. கல்லீரல் சில மாதங்களில் மீண்டும் வளர்ந்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் வலப்பகுதியை அளிப்போரில் 200 முதல் 500 பேருக்கு ஒருவர் இறக்கக்கூடும் என்பது மருத்துவ உலகின் பொதுவான மதிப்பீடு. 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த உறுப்பு மாற்று அறுவைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கில் உறுப்பைப் பெற்றவர்கள் ஆண்கள். உயிருடன் உறுப்பு அளிப்போரிலோ பெண்களே மிகுதி.

‘மனைவி கல்லீரல் தானம் செய்தார்’ என்னும் தொடரில் மனைவி எழுவாய். ஆனால் ‘கன்னிகாதானம்’ என்னும் சொல்லில் பெண் கொடுக்கப்படும் பொருள். இவ்விரண்டு தானங்களுக்கும் இடையே அவர் உண்மையிலேயே எழுவாயாக மாறிவிட்டாரா? கணவரின் வருவாயை நம்பியுள்ள குடும்பத்தில், உறவினர் சூழ்ந்து நிற்க, அவர் சொல்லும் ‘சரி’ இலக்கணப்படி உடன்பாடு. ‘மாட்டேன்’ என்று சொல்லவும் வழி இருந்தால்தான் அது சம்மதம்.

பெண்களின் அன்பை இது ஐயுறுவதாகாதா என்று கேட்கலாம். மனமுவந்து கொடுப்போர் பலர் என்பதில் எனக்கு ஐயமில்லை. மறுக்கும் வழி திறந்திருப்பதால் அவர்களுடைய அன்பு குறைந்துவிடப் போவதில்லை. கட்டாயத்துக்கு ஆட்பட்டவருக்கோ அந்த வழியே உயிர்.

2014ஆம் ஆண்டின் உறுப்பு மாற்று விதிகள், கொடையாளர் பெண்ணெனில் அவரது சுதந்திரமான ஒப்புதலைப் பெறுநர் அல்லாத ஒருவர் உறுதிசெய்ய வேண்டும் என்கின்றன. அச்சொற்களின்படி, பெறுநரின் தாயும் தமையனும்கூடப் ‘பெறுநர் அல்லாதவர்’தாமே! இந்த இடைவெளி அடைக்கப்பட வேண்டும். கொடையாளரை, பெறுநரின் சிகிச்சைக் குழுவோடு தொடர்பற்ற ஒருவர் தனியே சந்திக்க வேண்டும். அவர் விலக விரும்பினால், ‘மருத்துவக் காரணங்களால் பொருத்தமில்லை’ என்று மட்டும் குடும்பத்துக்குத் தெரிவிக்கும் வழக்கம் எல்லா மருத்துவமனைகளிலும் கட்டாயமாக வேண்டும். பெறுநருக்குக் குடிநோய்ச் சிகிச்சை அறுவைக்கு முன்பும் பின்பும் தொடர வேண்டும். மனைவியின் கல்லீரலைக் காக்க அதைவிடச் சிறந்த வழியில்லை. உறுப்பு அளிக்கும் ஒன்றிய அரசு ஊழியருக்கு 42 நாள் சிறப்பு விடுப்பு உண்டு. வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்யும் பெண்ணுக்கு அந்த ஓய்வை யார் தருவது?

குடித்தவருக்கும் வாழ உரிமை உண்டு என்பதை ஐயமின்றி ஏற்கிறேன். அந்த உரிமை, இன்னொருவரின் ‘மாட்டேன்’ என்னும் சொல்லைப் பறித்து நிறைவேறக் கூடாது.