பந்தி வஞ்சனை

“மரக்கறி உண்போர் மட்டுமே இங்கு அமரலாம்.” 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் விடுதியொன்றில், உணவுக்கூடச் சுவரில் ஒட்டப்பட்டிருந்த அறிவிப்பின் கருத்து இது. ஜைன உணவுக்கெனத் தனிப் பரிமாறுமிடம் உண்டேயன்றி, எவருக்கும் தனி இருக்கை கிடையாதென்று விடுதியின் மாணவர் செயலாளர் அப்போது விளக்கம் தந்தார். நல்ல விளக்கம், அத்துடன் நின்றிருக்கலாம். இரண்டு மாதங்கள் கழிந்தன. இல்லாதிருந்த விதி பிறந்துவிட்டது! மூன்று விடுதிகளுக்குப் பொதுவான உணவுக்கூடத்தில் ஆறு மேசைகள் மரக்கறியாளருக்கென ஒதுக்கப்பட்டன. அம்மேசையில் புலாலுணவுடன் அமர்ந்து எதிர்ப்புக் காட்டியதற்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

வடக்கே நடந்ததென்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. 2018 டிசம்பரில் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தின் உணவுக்கூடத்தில் மரக்கறியாளருக்கு ஒரு வாயில், புலாலுண்போருக்கு வேறொரு வாயில், கை கழுவும் தொட்டியும் வெவ்வேறு என்று அறிவிப்புகள் காணப்பட்டன. எதிர்ப்பு எழுந்ததும் அவை அகற்றப்பட்டன. சட்டி வேறு, கரண்டி வேறு என்பதை நான் ஒப்புகிறேன். கை கழுவும் தண்ணீரில் எது மரக்கறி, எது புலால்? இதற்கு விடை சொல்ல வல்ல விஞ்ஞானி அக்கழகத்தில் ஒருவரேனும் உண்டா?

இதற்குச் சொல்லப்படும் நியாயம் யாவரும் அறிந்ததே. புலாலின் வாடை சிலருக்கு ஒவ்வாது; குமட்டும்; அவர்களுக்கும் உரிமை உண்டன்றோ? உண்டு. அதை மறுப்பதற்கு நமக்கு, குறிப்பாக இவ்விதழை வாசிக்கும் குடும்பங்களுக்கு, எள்ளளவும் தகுதியில்லை. நம் பிள்ளை விடுதிக்குச் செல்லுமுன் நாம் கேட்கும் முதற் கேள்வி, “அங்கே ஹலால் உணவு கிடைக்குமா?” என்பதுதான். தன் வயிற்றுக்குள் செல்வது இன்னதென்று தீர்மானிக்கும் உரிமை மனிதனுக்கு உண்டு. ஆகவே அடுப்பைப் பிரியுங்கள், பாத்திரத்தைப் பிரியுங்கள், பரிமாறுமிடத்தையும் பிரியுங்கள். வாடை தாளாதவன் தானே எழுந்து சன்னலோரம் போய் அமரட்டும். எவரும் அவனைத் தடுக்கவில்லை. ஆனால், பக்கத்து நாற்காலியில் இருப்பவனின் தட்டில் என்ன கிடக்கிறது என்று பார்த்து, “நீ எழுந்து போ” என்று சொல்லும் அதிகாரத்தை எவரிடமிருந்து பெற்றான்? முன்னது தன் உணவைப் பற்றிய பேணுதல். பின்னது பிறனைப் பற்றிய தீர்ப்பு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதிலேதான் அனைத்துச் சூதும் அடங்கியிருக்கிறது.

மரக்கறி உணவுக்குத் தமிழிலே சைவம் என்றொரு பெயர் வழங்குகிறது. ஒரு சமயத்தின் பெயர் கத்தரிக்காய்க்கு எப்படி வந்தது என்று எண்ணிப் பார்ப்போருக்கு, தட்டைப் பார்ப்பது நம் நாட்டில் ஆளைப் பார்ப்பதே என்பது விளங்கும்.

இது புதிய நோயுமன்று. வ.வே.சு. ஐயர் 1922இல் சேரன்மாதேவியில் நிறுவிய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் சிலர் தனியே உண்டனர். பொதுமக்களின் பொருளும் காங்கிரசின் நிதியும் பெற்று நடந்த தேசியப் பள்ளி அது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்தனர். 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழகத்து அரசியலையே அந்தச் சோற்றுப் பந்தி உலுக்கியது. அன்றும் சொல்லப்பட்ட சமாதானம், “ஓரிரு பிள்ளைகளின் பெற்றோர் விருப்பம்” என்பதே! ஏறத்தாழ நூறாண்டு சென்றபின் பெற்றோர் விருப்பம் போய், மூக்கின் விருப்பம் வந்திருக்கிறது.

நம் முன்னோர் ஓர் அரிய சொல்லை ஆக்கி வைத்துள்ளனர்: பந்தி வஞ்சனை. ஒரே வரிசையில் அமர்ந்தோரில் ஒருவருக்கு நெய்யும் மற்றவருக்கு நீர்மோரும் வார்ப்பது. அதையே வஞ்சனை என்று தூற்றிய மொழி, வரிசையிலேயே இடமில்லை என்பதற்கு என்ன பெயர் வைக்கும்?

இனி, அறிவிப்பு எதுவும் ஒட்டப்படாத கல்லூரிகளுக்கு வருவோம். நம் ஊர்க் கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையில் நண்பகலில் அரை மணி நேரம் அமர்ந்து பாருங்கள். டோக்கன் வாங்கும் வரிசையில் எல்லாரும் கலந்து நிற்கிறார்கள். ஒரு டீயை வாங்கி, இரண்டு குவளைகளில் ஊற்றிப் பகிர்ந்துகொள்வோரிடம் ஊரும் தெரியாது, குலமும் தெரியாது. ஆனால் தட்டைக் கையில் ஏந்தியதும் மாயம் போல் பிரிந்துவிடுகிறார்கள். நின்றால் கலக்கிறார்கள், உட்கார்ந்தால் பிரிகிறார்கள்! விடுதி மாணவர் ஒரு மூலை. பேருந்தில் வருவோர் ஒரு மூலை. ஆங்கிலத்தில் பேசுவோர் மின்விசிறிக்கு அடியில். ஆசிரியர்களுக்கோ திரையிட்ட தனியறை. எங்கும் இடம் கேட்கத் துணியாத ஒருவன், சுவரைப் பார்த்தவாறு விரைவாகத் தின்றுவிட்டு எழுந்து போகிறான். அவனை எவரும் விரட்டவில்லை; எவரும் அழைக்கவுமில்லை.

அங்கே நம் பிள்ளைகளின் மேசையும் ஒன்று உண்டு.

அமெரிக்க உளவியலறிஞர் பெவர்லி டேனியல் டாட்டம் 1997இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, உணவுக்கூடத்தில் கறுப்பினப் பிள்ளைகள் அனைவரும் ஏன் சேர்ந்தே அமர்கிறார்கள் என்னும் வினாதான். வெளியே குத்தும் சொல்லைக் கேட்டு வந்த பிள்ளை, விளக்கம் சொல்லத் தேவையில்லாத முகங்களை நாடுவது இயல்பு என்பது அவர் தரும் விடையின் சாரம். நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அடைக்கலமாக அமர்ந்தோரை, “இவர்கள் ஒதுங்கி வாழ்கிறார்கள்” என்று ஏசுவோர், தம் மேசையில் யார் யார் இல்லை என்பதை முதலில் எண்ணிச் சொல்லட்டும்.

ஆயினும் ஒன்று கேட்பேன். அந்த ஒதுக்கம் முழுவதும் வெளியிலிருந்து வந்ததுதானா? “கண்டவர்களோடு உட்காராதே” என்று சொல்லியனுப்பிய தாய்தந்தையர் நம்மில் இல்லையா? இதற்கு மார்க்கத்தைத் துணைக்கு அழைப்போரும் உளர். சேர்ந்தோ தனித்தோ உண்பதில் குற்றமில்லை என்று அந்நூர் அத்தியாயத்தின் 61ஆம் வசனம் கூறவில்லையா என்பார்கள். கூறுகிறது. அதே வசனத்தின் தொடக்கத்தில் குருடரும் முடவரும் நோயாளியும் ஏன் குறிப்பிடப்படுகின்றனர் என்பதையும் ஓதிப் பார்க்க வேண்டும். அத்தகையோருடன் உண்ண மக்கள் தயங்கியதை விரிவுரையாளர் சிலர் சொல்கின்றனர். கினானா கோத்திரத்தின் ஒரு கிளையினர் துணையின்றி உண்பதையே குற்றமாகக் கருதியதை வேறு சிலர் சொல்கின்றனர். தனியே உண்ண நேர்ந்தவனின் சங்கடத்தைத் தீர்க்கத் தந்த சலுகையை, பிறரை ஒதுக்குவதற்கு அனுமதிச் சீட்டாக எழுதிக்கொள்வது எந்த இலக்கணம்?

காயல்பட்டினத்துத் திருமண வீடுகளில் இன்றும் ஒரே ஸஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்கிறார்கள். ஸஹ்ன் என்னும் அரபுச் சொல்லுக்குத் தட்டு என்றும் பொருள், பள்ளிவாசலின் திறந்த முற்றம் என்றும் பொருள்.

விடுமுறைக்கு மகனோ மகளோ வீடு வரும்போது, மதிப்பெண்ணைக் கேட்குமுன், “நண்பகலில் யாருடன் உண்கிறாய்?” என்று கேளுங்கள். சொல்லும் பெயர்களெல்லாம் நம்மவர் பெயராகவே இருந்தால், சுவரைப் பார்த்து உண்ணும் அந்தப் பையனைப் பற்றி விசாரியுங்கள். அடுத்த விடுமுறைக்கு அவனையும் அழைத்து வரச் சொல்லுங்கள். மரக்கறி உண்பவனாயின் கடைத்தெருவில் புதுச் சட்டி கிடைக்கும். அதில் சமையுங்கள். பாய் மட்டும் ஒன்றாகவே இருக்கட்டும்.