பேரிடரிலும் நாடாளுமன்றம் இயங்க வேண்டும்

பேரிடர்க் காலத்தில் நாடாளுமன்றம் எவ்வாறு இயங்கும்? நம் சட்டங்களில் இதற்குத் தெளிவான விடையில்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிர்வாகத்திற்கு விரிந்த அதிகாரங்களை வழங்குகிறது. அவைகள் கூடுவது பற்றி ஏதும் கூறவில்லை. இரு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதம் கடக்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 85ஆவது பிரிவு. அதற்குள் எப்போது கூட்டுவது என்பது ஆட்சியாளர்களின் விருப்பம்.

இதன் விளைவை 2020இல் நாடு கண்டது. மார்ச் 23 அன்று ஒத்திவைக்கப்பட்ட நாடாளுமன்றம் செப்டம்பர் 14 அன்றுதான் மீண்டும் கூடியது. புலம்பெயர் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே ஊர் திரும்பியபோது, அவர்களுக்காகக் கேள்வி எழுப்ப அவை இல்லை. ஆனால் ஜூன் மாதத்தில் மூன்று வேளாண் அவசரச் சட்டங்கள் மட்டும் வந்துவிட்டன. அவை கூடியபோதோ கேள்வி நேரம் ரத்து செய்யப்பட்டது. மாநிலங்களவையில் வாக்கெடுப்புக் கோரிக்கை மறுக்கப்பட்டு, இரு வேளாண் மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றப்பட்டன. கொரோனாவைக் காரணம் காட்டிக் குளிர்காலக் கூட்டத்தொடரும் கைவிடப்பட்டது.

வழி இல்லாமல் இல்லை. உச்சநீதிமன்றம் காணொலியில் வழக்குகளை விசாரித்தது. பிரிட்டன் நாடாளுமன்றம் ஏப்ரல் மாதத்திலேயே உறுப்பினர்களைக் காணொலி வழியே பங்கேற்கச் செய்தது.

பேரிடர் நேர்ந்தால் குறித்த நாட்களுக்குள் அவைகள் கூடுவதும், நிலைக்குழுக்கள் தடையின்றி இயங்குவதும் சட்டபூர்வக் கடமையாக்கப்பட வேண்டும். அவை கூடும்வரை அவசரச் சட்டங்கள் நிவாரணப் பணிக்கு மட்டுமே என வரையறுக்க வேண்டும். அடுத்த பேரிடருக்கு முன்பே இது நிறைவேற வேண்டும்.