திருடனைச் சேர்த்தா சுறா வில்லன் இல்ல

சூப்பர் மார்க்கெட்ல கொள்ளை நடக்குது. துப்பாக்கி வெளிய வந்துடுச்சு, ஒரே அலறல். அந்த நேரம் பார்த்து சுனாமி. அலை அடங்கினப்புறம் பார்த்தா, உயிரோட இருக்கறவங்க எல்லாரும் சாமான் அடுக்குற ரேக் மேல உட்கார்ந்திருக்காங்க. திருடனும் அங்கதான். கீழ பாக்கெட் பாக்கெட்டா சாமான் மிதக்குற தண்ணிக்குள்ள ஒரு பெரிய வெள்ளைச் சுறா சுத்திட்டு இருக்கு.

2012ல வந்த 'பெய்ட்'ங்கற ஆஸ்திரேலியப் படம் இது. போன வருஷம் ஹாஸ்டல்ல ஒரு லேப்டாப்ப சுத்தி ஒன்பது பேர் பார்த்தோம். முதல் அரை மணி நேரம் கிண்டல்தான். அப்புறம் கரண்ட் ஒயர் ஒன்னு தண்ணிக்கு மேல தொங்குற சீன் வந்துச்சு. தண்ணி அதத் தொட்டா சுறாவே தேவையில்ல, எல்லாரும் காலி. கடைல இருக்கற தள்ளுவண்டிக் கம்பியையெல்லாம் பிரிச்சு ஒருத்தர் மேல கவசம் மாதிரி கட்டி, மெயின ஆஃப் பண்ண தண்ணிக்குள்ள இறக்கி விடறாங்க. எங்க ரூம்ல படத்த பாஸ் பண்ணிட்டு சண்ட. இரும்பக் கட்டிக்கிட்டு கரண்ட் பக்கத்துல போறானே, இவன் லூசான்னு ட்ரிபிள் ஈ பையன் கத்தறான். சுறா கடிக்கறதுக்கு ஷாக்கே மேல்னு மெக்கானிக்கல் சொல்றான். மெயின் ஆஃப் ஆகுது, ஆனா அந்த ஆள் திரும்பி வரல. அதுக்கப்புறம் ரூம்ல கிண்டல் கொஞ்சம் குறைஞ்சது.

இந்த வகைப் படங்களுக்கு நம்ம பசங்க வச்சிருக்கற ஒரே பேரு, மொக்கை. சின்ன பட்ஜெட், ஒரு கொள்ளைக் கும்பல், ஆளக் கொல்ற ஒரு மிருகம், எல்லாத்தையும் ஒரே இடத்துல பூட்டினா படம் ரெடி. கிராஃபிக்ஸ் பல்ல இளிக்கும். அத நான் மறுக்கல. ஆனா சும்மா சுறா படம், சும்மா பாம்பு படம்னு எடுக்கறத விட இந்தக் கலவை ரொம்ப நேர்மையானதுன்னு நான் நினைக்கறேன்.

கலவை ஒன்னும் புதுசு இல்ல. 1957ல ரோஜர் கார்மன் ஹவாய்ல 'நேக்கட் பேரடைஸ்'னு ஒரு கொள்ளைப் படம் எடுத்தார். அத எழுதினவங்கள்ல ஒருத்தர் சார்லஸ் க்ரிஃபித். ரெண்டு வருஷம் கழிச்சு அதே க்ரிஃபித் அந்தக் கதையோட எலும்புக்கூட்ட எடுத்து, ஹவாய்க்கு பதிலா சவுத் டகோட்டா பனிமலை, கூட சிலந்தி மாதிரி ஒரு ராட்சசன்னு மாத்தி எழுதினதுதான் 'பீஸ்ட் ஃப்ரம் ஹாண்டட் கேவ்'. கார்மனோட தம்பி ஜீன் கார்மன் தயாரிப்பு, மான்டி ஹெல்மன் இயக்கின முதல் படம். 1961ல மூணாவது தடவையா அதே கதை, இந்த முறை காமெடி, 'க்ரீச்சர் ஃப்ரம் தி ஹாண்டட் சீ'. சீனியர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ட டைட்டில் மட்டும் மாத்தி சப்மிட் பண்றோமே, அதுக்கெல்லாம் முன்னோடி இவங்கதான்.

காசு இல்லாதவனுக்கு இதுல ஒரு பெரிய வசதி இருக்கு. ராட்சசன ரொம்ப நேரம் காட்டினா அது வேஷம்னு தெரிஞ்சுடும். 1959 படத்துல அந்த வேஷத்தச் செஞ்சவரும் உள்ள புகுந்து நடிச்சவரும் ஒரே ஆள், க்ரிஸ் ராபின்சன். அதனால மிருகம் எப்பவாவது வரும், மிச்ச நேரம் திருடனுங்க ஒருத்தன ஒருத்தன் சந்தேகப்படுவானுங்க. அதுக்கு செலவே இல்ல.

இன்னொரு வசதி லாஜிக்ல. எந்த மிருகப் படம் பார்த்தாலும் நாம கேக்கற கேள்வி, டேய் ஏன்டா போலீஸுக்கு போன் பண்ணல? திருடனா இருந்தா அந்தக் கேள்வியே வராது. ஏன் அந்தக் குகைப் பக்கம் போனான்? சுரங்கத்துல வெடி வச்சு ஊரத் திசைதிருப்பிட்டு தங்கத்த அடிக்கணும், அதுக்குத்தான் போனான். மிருகம் அவனத் தேடி ஊருக்குள்ள வரல.

என் பாயிண்ட்டும் இதுதான். மிருகம் மட்டும் இருக்கற படத்துல அதையே வில்லன் ஆக்கியாகணும். சுறா பழிவாங்கும், பாம்பு ஆள ஞாபகம் வச்சுத் துரத்தும். எல்லாம் பொய். திருடன உள்ள விட்டா கெட்ட எண்ணம் ஏற்கெனவே அவன்கிட்ட இருக்கு, மிருகம் மிருகமா இருந்தா போதும். 1981ல வந்த 'வெனம்' பாருங்க. லண்டன்ல ஒரு பணக்கார வீட்டுப் பையனக் கடத்த ப்ளான். வீட்டு டிரைவரும் வேலைக்காரியுமே உடந்தை. பையன் வளர்க்க ஆசைப்பட்டு வாங்கிட்டு வந்தது சாதுவான பாம்பு இல்ல, கடைல பெட்டி மாறி வந்த ப்ளாக் மாம்பா. வெளிய போலீஸ், உள்ள பாம்பு, நடுவுல க்ளாஸ் கின்ஸ்கி. அந்த மாம்பாவுக்கு யார் மேலயும் கோவம் இல்ல. பயந்து போய் ஒளிய இடம் தேடுது. பெட்டியத் திறந்தது மனுஷன்தான்.

1961 படம் இத இன்னும் நேராவே சொல்லுது. க்யூபாலேர்ந்து கஜானாவோட தப்பிக்கறவங்கள ஒரு கேங்ஸ்டர் தன் படகுல ஏத்திக்கறான். ஒவ்வொருத்தரா கொன்னுட்டு, கடல் பூதம்தான் கொன்னுதுன்னு பழியப் போடறது அவன் ப்ளான். கடைசில நிஜ பூதமே வந்துடுது. பந்து மாதிரி கண்ணு, பார்த்தா சிரிப்புதான் வரும். படம் முடியறப்ப அது கடலுக்கடியில பெட்டி மேல உட்கார்ந்து பல் குத்திட்டு இருக்கு!

நிஜ வாழ்க்கைலயும் இப்படி நடந்திருக்கு. 1985ல அமெரிக்காவுல ஒரு கடத்தல்காரன் விமானத்துலேர்ந்து கொக்கெய்ன் மூட்டைகளக் காட்டுல போட்டான். ஜார்ஜியால ஒரு கரடி அதத் தின்னு செத்துப் போச்சு. அவ்வளவுதான், அது யாரையும் கொல்லல. 2023ல 'கொக்கெய்ன் பேர்' படம் வந்தப்ப அதே கரடி ஆள் ஆளா கிழிச்சுப் போடுது. நானும் சிரிச்சேன். அப்புறம் நிஜக் கதையப் படிச்சப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சு. செத்தது அது, கொலைகாரன் பட்டமும் அதுக்கே. இது ஒன்னும் சின்ன பட்ஜெட் படம் இல்லங்கறதையும் சொல்லிடறேன்.

இவ்வளவு பேசறதுக்குக் காரணம், கல்ச்சுரல்ஸுக்கு நாங்களும் ஒரு குறும்படம் எடுக்கறோம். ஏடிஎம் உடைக்க வந்த ரெண்டு பேர், உள்ள ஒரு நாகம், கதவு லாக். மொத்த பட்ஜெட் 3,500 ரூபாய். எங்க கேமராமேன், மச்சி பாம்பு பிடிக்கற அண்ணன் ஒருத்தர் தெரியும், ஒரு மணி நேரம் நிஜப் பாம்பே கிடைக்கும்னான். எனக்கும் ஒரு நிமிஷம் ஆசை வந்துச்சு. ஆனா 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி நாகத்தப் பிடிச்சு வச்சுக்கறதே குற்றம். திருடன் படம் எடுக்கப் போய் நாங்க உள்ள போறதா? சட்டத்த விடுங்க, லைட் போட்டு, பத்து பேர் சுத்தி நின்னு, அது படம் எடுக்கற வரைக்கும் சீண்டணும். இவ்வளவு நேரம் நான் பேசினதுக்கெல்லாம் அர்த்தமே இல்லாம போயிடும்.

கடைசில 120 ரூபாய்க்கு ரப்பர் பாம்பு வாங்கினோம். ஷூட்டுக்கு முந்தின நாள் அத மெக்கானிக்கல் ப்ளாக் படிக்கட்டுல வச்சு லைட்டிங் பார்த்துட்டு இருந்தோம். ரவுண்ட்ஸ் வந்த வாட்ச்மேன் அண்ணா ஒன்னும் கேக்கல, தடியெடுத்து நாலு போடு போட்டுட்டார். இப்ப அதுக்கு வால் இல்ல. வர்ற சனிக்கிழமை ஷூட், தலைய மட்டும் வச்சு எடுத்துக்கலாம்னு இருக்கோம்.